ஊர் மண்டபத்தைத் திருத்துவது: யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. அநேகமாக எந்தப் பிரிவுக்குள் போனாலும் ஒரு பொது மண்டபமாவது கண்ணில் படும். சனசமூக நிலையமாக இருக்கும், மாதர் சங்கக் கட்டடமாக இருக்கும், அல்லது முன்பள்ளியோடு ஒட்டிய ஒரு சின்ன ஹோலாக இருக்கும். அவற்றில் பல, வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கின்றன. பிறகு ஒருநாள், "இதைத் திருத்தி எடுக்க வேண்டும்" என்று ஊரில் நாலு பேர் முன்வருகிறார்கள். அப்படி முன்வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

மண்டபத்தைத் திருத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டாம். மண்டபத்துக்கு வராத ஆட்களிடமிருந்து தொடங்குங்கள்.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் இரண்டே கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது மண்டபத்துக்கு வந்தீர்கள்? அதன் பிறகு ஏன் வரவில்லை? "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் எல்லோரும் பெரிய மண்டபம், மேடை, ரைல்ஸ், ஏசி என்றுதான் சொல்லுவார்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. ஒழுங்கையில் லைற் இல்லை, பொழுதுபட்டால் வர முடியாது. முதுகு சாய்த்து இருக்க ஒரு கதிரை இல்லை. பின்பக்கத்தில் சிலர் இருந்து குடிக்கிறார்கள். திறப்பு யாரிடம் இருக்கிறதென்றே தெரியாது. இந்தப் பதில்களில் பாதிக்கு மேல் பெரிய செலவு இல்லாமல் தீர்க்கக்கூடியவை.

பொதுக்கூட்டம் ஒன்று வைத்துக் கேட்டால் போதாதா?

போதாது. ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்துக்கு வழக்கமாக வருகிற அதே முகங்கள்தான் வரும், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். குருநகர், நாவாந்துறை மாதிரிக் கடற்கரை ஊர்களில் இரவு தொழிலுக்குப் போனவர்கள் அந்த நேரம் நித்திரை. நீர்வேலி, புத்தூர்ப் பக்கம் தோட்ட வேலைக்காரர் அதிகாலையிலிருந்து தண்ணீர் இறைப்பில் நிற்பார்கள். பிள்ளைகள் ரியூசனில். வீட்டுப் பெண்கள் சமையலில். ஆகவே கூட்டமும் வையுங்கள், வீடுகளுக்கும் போங்கள். பெண்களிடம் பெண்களே போய்க் கேட்பது நல்லது. குடும்பநல உத்தியோகத்தரோடு ஒரு தடவை பேசிப் பாருங்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த வீட்டில் நடக்க ஏலாத முதியவர் இருக்கிறார் என்பது அவருக்கு ஊரில் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

மண்டபம் நிற்கிற காணி யாருடையது என்று எங்களுக்கே தெளிவில்லை. பரவாயில்லையா?

இதைத் தீர்க்காமல் ஒரு பை சீமெந்து கூட வாங்க வேண்டாம். அரச நிதி கேட்டுப் போனால் முதலில் கேட்கப்படுவது காணியின் உரிமைதான். அதற்குப் பதில் இல்லையென்றால் கோவை அந்த மேசையை விட்டு நகராது.

எங்கள் ஊர்களில் பொது மண்டபக் காணிகள் பலவிதம். ஒருவர் பொதுத் தேவைக்கென்று தர்மசாதன உறுதி எழுதிக் கொடுத்தது இருக்கும். பிரதேச சபைக்குச் சொந்தமானது இருக்கும். கோவில் காணியில் வாய்ச்சொல்லில் கட்டியது இருக்கும். சங்கத்தின் பழைய தலைவர் ஒருவர் பெயரில் வாங்கி, அவர் இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதும் உண்டு. 1990இலும் 1995இலும் நடந்த இடப்பெயர்வுகளில் பல வீடுகளில் உறுதிகள் தொலைந்துபோயின. ஆனால் உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்ததாகாது. பதிவு செய்யப்பட்ட உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கும். தேடுதலுக்கு விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். சபையின் சொத்துப் பதிவேட்டில் மண்டபம் இருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகம் ஊடாக அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பச் சொல்லலாம். நொத்தாரிசுக்குக் கொடுக்கிற காசு வீண் செலவில்லை. பின்னால் வரப்போகிற சண்டையை அது தடுத்துவிடும்.

சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் நாலும் ஒரே மண்டபத்தைக் கேட்கின்றன. என்ன செய்வது?

நாலும் ஒரே இடத்தில் பதியப்படுகிறவை அல்ல. சனசமூக நிலையம் உள்ளூராட்சி மன்றத்தோடு தொடர்புடையது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. விளையாட்டுக் கழகம் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதியும். பதிவு வேறாக இருப்பது நல்லதுதான், ஒவ்வொன்றுக்கும் வேறு நிதி வழி திறக்கும். மண்டபத்தை நடத்துவதற்கு மட்டும் நாலு சங்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேரை எடுத்து ஒரு முகாமைக் குழு அமையுங்கள். அதற்குத் தனி வங்கிக் கணக்கும் தனிப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருக்கட்டும். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தேநீர் போடுகிற பொறுப்புக்கு மட்டும் பெண்களைப் போடுகிற வழக்கத்தை இந்தக் குழுவில் வைக்காதீர்கள்.

கையில் இருக்கிற காசு கொஞ்சம். முதலில் எதைச் செய்வது?

மலசலகூடம்.

இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. திறப்பு விழாவில் காட்டக்கூடிய வேலை இல்லை அது. ஆனால் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஏற்ற மலசலகூடம் இல்லாத மண்டபத்தில் அரை மணித்தியாலக் கூட்டத்துக்கு மேல் எதுவும் நடக்காது. தையல் வகுப்பு நடக்காது, கிளினிக் நடக்காது, வெள்ளத்தில் ஆட்களைத் தங்கவைக்க முடியாது. பெண்களுக்குத் தனியாக ஒன்று, உள்ளே தாழ்ப்பாள், லைற், மூடியுள்ள குப்பைக் கூடை, கைகழுவத் தண்ணீர். சக்கர நாற்காலி போகக்கூடிய அகலக் கதவும் கைப்பிடியும் கொமட்டும் உள்ள ஒன்று. அவ்வளவு போதும். ஆனால் இவற்றில் ஒன்றையும் விடக்கூடாது.

குழி விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. குழியில் இறங்குகிற கழிவு மண்ணில் வடிபடாமல் அந்த வெடிப்புகள் வழியாக நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும். கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி வெட்டினால் சரி என்று ஊரில் சொல்லுவார்கள். மணல் மண்ணில் அது ஓரளவு காப்பாற்றலாம். பாறை மேலே தெரிகிற வலிகாமத்து நிலத்தில் அதை நம்பி இருக்க முடியாது. எனவே அடியில் கொங்கிறீற் போட்ட, ஒழுகாத தாங்கி கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் நீருக்கான ஊறுகுழியை ஆழமாக வெட்டாமல், மேல் மண்ணிலேயே பரந்து வடியும்படி அமையுங்கள். இடத்தைத் தெரிவு செய்யும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். பக்கத்து வளவுக் கிணறுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கழிவு உறிஞ்சுகிற பவுசர் வந்து நிற்க வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒழுங்கை ஒடுக்கமென்றால் தாங்கியை றோட்டுப் பக்கம் வைக்கலாம்.

மண்டபத்துக்குள் மத்தியானம் இருக்க முடியாத வெக்கை. ஏசி போடலாமா?

வாங்கலாம். அதற்குப் பிறகு மின்கட்டணம் யார் கட்டுவது? அதற்கு முன் கூரையையும் காற்றையும் பாருங்கள்.

எங்கள் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். வெக்கையான மாதங்களில் அதுதான் ஆறுதல். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே தென்மேற்குப் பக்கம் யன்னல்களைத் தாராளமாகத் திறந்து விடுங்கள். எதிர்ச் சுவரில் மேலே காற்று வெளியேற வழி வையுங்கள். வடகிழக்குப் பக்கம் தாழ்வாரத்தை நீட்டி இறக்குங்கள், முடிந்தால் விறாந்தை. இதை யோசிக்காமல் றோட்டுப் பக்கம் பார்த்து யன்னல் வைத்த மண்டபங்கள் கோடையில் வேகும், மாரியில் நனையும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரை என்றால் அதை உடைக்கவோ துளைக்கவோ தூரிகையால் உரஞ்சவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டு வரக்கூடியது. நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டு, கீழே சீலிங் அடிக்கலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், தெரிந்தவர்களைக் கொண்டு, தண்ணீர் தெளித்து, முழுச் சீற்றாகக் கழற்ற வேண்டும். அந்தச் சீற்றை உடைத்து ஒழுங்கைப் பள்ளத்துக்குக் கொட்டுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது; பிள்ளைகள் சைக்கிளில் போகிற வழி அது. புதிதாகப் போடுவதற்கு ஓடு நல்லது. கடற்கரையோர ஊர் என்றால் தகரத்துக்கும் ஆணிக்கும் உப்புக்காற்றுப் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வளவில் ஒரு வேம்பு வையுங்கள். மேற்குப் பக்கத்தில்.

பழைய சுண்ணாம்புக் கட்டடம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது லேசில்லையா?

பல தடவை இல்லை. அந்தக் காலத்துக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் தடிப்பானது, உள்ளே குளிர்ச்சி தரும், ஒழுங்காகப் பார்த்தால் இன்னும் பல காலம் நிற்கும். இப்படியான சுவருக்குச் செய்யக்கூடாத ஒன்று, மேலே சீமெந்துப் பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். பிறகு ஈரம் உள்ளே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழரும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பால் திருத்துங்கள். வேலை தெரிந்த மேசன்மார் குறைந்துகொண்டு வருகிறார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும். கூரைப் பனஞ்சிலாகைகளைத் தட்டிப் பாருங்கள். கறையான் ஏறாத வைரமான பனை இன்று காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது. அதைக் கழற்றி விறகுக்கு விற்பதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

இடிப்பதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்கும் முன் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் அத்திவாரத்தையும் சுவர் வெடிப்பையும் காட்டி எழுத்தில் கருத்து எடுங்கள். ஷெல் விழுந்து ஆட்டம் கண்ட சுவர் என்றால் பழமைப் பாசம் பார்க்கக்கூடாது.

உள்ளே பெரிய மேடை கட்டலாமா?

மண்டபத்தின் நாலிலொரு பங்கை விழுங்குகிற கொங்கிறீற் மேடையை வருடத்தில் இரண்டு நாள் பாவிப்பார்கள். மற்ற நாட்களில் பழைய கதிரைகள் அதில் அடுக்கியிருக்கும். உள்ளே தேவைக்குப் போட்டு எடுக்கக்கூடிய மரப்பலகை மேடை போதும்.

எனக்குப் பிடித்த ஒழுங்கு வேறு. மேடையை வெளியே, வளவைப் பார்த்து வையுங்கள். காத்தவராயன் கூத்து விடியும்வரை நடக்கும். ஆட்கள் பாயோடு வந்து நிலத்தில் இருந்து பார்க்கும் கூத்தை நாலு சுவருக்குள் கொண்டுபோக முடியாது. வெளிமேடை என்றால் நூறு பேர் மண்டபம் ஆயிரம் பேருக்குக் காணும். மற்ற நாட்களில் பின்னேரம் ஊர்ப் பெடியள் இருந்து கதைக்கவும் இடமாகும்.

மழைநீர்த் தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு தண்ணீர் கிடைக்குமா?

ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால், வீணாவது போக 1,800 லீற்றருக்கு மேல் பிடிக்கலாம். ஒரு நல்ல மாரி மழைக்கே ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்பி வழியும். வழிகிறதை வடிகட்டிக் கிணற்றுக்கோ மழைநீருக்கென்று வெட்டிய தனி ஊறுகுழிக்கோ விடுங்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எங்கள் குடாநாட்டுக்கு நிலத்துக்குள் இருக்கிற தண்ணீர்தான் சேமிப்பு. முதல் மழையைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும், பீலியைப் புரட்டாதிக்குள் துப்புரவாக்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்கப் பாவிக்க வேண்டாம்.

முன்பள்ளி நடக்கிற மண்டபமென்றால் கிணற்றுத் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். தோட்டங்கள் நெருங்கிய ஊர்களில் உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று ஏறியிருக்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் எல்லை. அதிகமானால் பால்மா கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும்.

சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும் என்பது சட்டமா, எங்கள் விருப்பமா?

சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்கு இதை வேண்டி நிற்கின்றன. ஆனால் எங்கள் ஊர்களில் சட்டத்தைக் காட்டித்தான் இதைச் சொல்ல வேண்டுமா? போரில் கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் எங்கள் ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். மூன்று படி ஏற முடியாததால் ஊர்க் கூட்டத்தை வாசலில் நின்று கேட்கிற நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

சாய்தளத்தின் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. தளம் இரண்டு அடி உயரமென்றால் இருபத்துநாலு அடி நீளம் வேண்டும். அவசரத்தில் எட்டு அடியில் கட்டிவிடுகிறார்கள். அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது விழுவார்கள். இடம் காணாவிட்டால் சுவரோடு திருப்பிக் கட்டலாம், திருப்பத்தில் ஒரு சமதளம் விட்டு.

ஊரில் கோவில் மண்டபம் இருக்கிறதே. பொது மண்டபம் எதற்கு?

கோவில் மண்டபம் கோவிலுக்குரியது. அதன் ஆசாரத்தை அது காக்கும். ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தால் துடக்குக் கழியும்வரை அந்த வீட்டார் கோவில் பக்கம் போகமாட்டார்கள். ஊரின் துணை அதிகமாக வேண்டிய அந்த நாட்களில் அவர்களுக்கு அந்த மண்டபம் இல்லை. மச்சம் சமைக்க ஏலாது. வேறு சமயத்தவர் கூச்சப்படுவார்கள். சாதி என்ற விஷயத்தையும் மூடி மறைத்துப் பயனில்லை. கோவில் வாசலுக்காகவும் தேநீர்க் கடைக் கதிரைக்காகவும் போராட வேண்டியிருந்த நாடு இது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வாசலில் நின்றார்கள்.

எனவே பொது மண்டபத்தின் யாப்பில் முதல் விதியாக எழுதுங்கள்: இந்தக் கிராம அலுவலர் பிரிவில் வசிக்கும் எவருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம், முதலில் கேட்டவருக்கு முதலிடம். எழுதி வாசலில் ஒட்டுங்கள். "அவையளுக்கு வேற மண்டபம் இருக்குத்தானே" என்ற பேச்சு வந்தால் அந்தக் கூட்டத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.

பிள்ளைகளையும் இளைஞர்களையும் எப்படி வரவைப்பது?

இரவில் படிக்க இடம் கொடுங்கள். சாதாரண தரம், உயர்தரம் எழுதுகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தனி மேசை இல்லை. நல்ல லைற், நாலு மேசை, இரண்டு ஃபான், வைபை, பொறுப்புக்கு ஒரு பெரியவர். மாலை ஆறு தொடக்கம் ஒன்பது வரை இவ்வளவும் இருந்தால் மண்டபம் தானாக உயிர் பெறும். பெண்பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு போக ஒழுங்கை லைற் எரிகிறதா என்பதும் குழுவின் வேலைதான். சபைக்கு எழுதிப் போடுவியுங்கள்.

காலையில் பத்திரிகை வாசிக்கிற வழக்கத்தையும் விடாதீர்கள். வாசிகசாலையில் இரண்டு பத்திரிகை கிடந்தால் தினமும் பத்துப் பெரியவர்களாவது வருவார்கள். கட்டடம் தினமும் திறபடும், கூட்டுப்படும், ஒழுக்கு எங்கே என்று அன்றன்றே தெரியவரும். 1981இல் நூலகம் எரிந்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிற ஊர் யாழ்ப்பாணம். எங்கள் வாசிகசாலை அலுமாரிகளில் கறையான் ஏறப் புத்தகங்கள் பூட்டிக் கிடப்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடாது.

அரச நிதி எப்படிக் கேட்பது?

பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம், மாகாணத்துக்குக் குறித்தொதுக்கப்படும் அபிவிருத்தி நிதி, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஆகியவை வழக்கமான வழிகள். சிறிய வேலைகளை ஊர்ச் சங்கமே ஒப்பந்தமாக எடுத்துச் செய்யவும் இடமுண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு, நாட்காட்டி. அரசின் நிதியாண்டு தைமாதம் தொடங்கி மார்கழியில் முடிகிறது. அந்த வருடத்துக் காசு அந்த வருடத்துக்குள் முடிய வேண்டும். இங்கோ கடைசி மூன்று மாதமும் மழை. ஒதுக்கீடு பிந்தி வந்தால் மழைக்குள் அத்திவாரம் வெட்டி, ஈரச் சுவருக்குப் பெயின்ற் அடித்து, பட்டியலைக் கொடுத்துக் காசை எடுக்க வேண்டி வரும். அப்படி முடித்த வேலையின் தரத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முன்னைய வருடமே வரைபடம், மதிப்பீடு, காணி ஆவணம், கூட்டத் தீர்மானப் பிரதி எல்லாவற்றையும் கோவையாகக் கட்டி வையுங்கள். சபையின் அடுத்த வருடத் திட்டம் வருட இறுதியில் வருகிறது. ஆடி, ஆவணிக்குள் உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும். வேலையைத் துண்டு துண்டாகவும் பிரித்து மதிப்பிடுங்கள்: மலசலகூடம் தனி, கூரை தனி, மின்னிணைப்புத் தனி. ஏதோ ஒரு திட்டத்தில் கொஞ்சம் காசு மிஞ்சுகிறதென்று ஒருநாள் தொலைபேசி வரும். கோவை தயாராக இருக்கிற ஊருக்குத்தான் அது போகும்.

வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் கட்டித் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

நன்றியோடு வாங்குங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது. ஆனால் கட்டித் தந்த பிறகு மின்கட்டணம், துப்புரவு, திருத்த வேலைக்கு யார் காசு கொடுப்பது என்பதை முதல் கடிதத்திலேயே பேசுங்கள். தருகிற தொகையில் ஒரு பங்கை நிலையான வைப்பில் போட்டு வட்டியில் பராமரிப்பு நடத்தலாம் என்று கேளுங்கள். பெரிய மண்டபம் என்று அவர்கள் சொன்னால், வீடு வீடாக எடுத்த கொப்பியை அனுப்பிக் காட்டுங்கள். ஊரை விட்டுப் போய் முப்பது வருடமானவர்களின் நினைவில் இருக்கிற ஊருக்கு ஆயிரம் பேர் மண்டபம் காணாமலிருக்கலாம். இன்றைக்கு இருக்கிற ஊர் சின்னது, வயதானது. மாதா மாதம் கணக்கும் படமும் அனுப்புங்கள், கேட்காமலே.

சிரமதானத்தால் எவ்வளவு செய்யலாம்?

வளவு துப்புரவு, மண் நிரப்புதல், கல் சுமத்தல், பெயின்ற், வேலி. வயறிங், கூரை மரவேலை, அஸ்பெஸ்ரஸ் கழற்றல் மூன்றையும் தெரிந்தவர்களிடம் கூலிக்குக் கொடுங்கள். கடற்கரை மண்ணைக் கழுவாமல் கொங்கிறீற்றுக்குப் போட வேண்டாம். உப்புக் கம்பியைத் தின்னும்.

வாடகை எவ்வளவு வைப்பது?

கல்யாணத்துக்கு இன்று எல்லோரும் பெரிய தனியார் மண்டபங்களுக்குப் போகிறார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டாம். ஊர் மண்டபத்துக்கு வருவது பிறந்தநாள், அந்தியேட்டி, செத்தவீட்டு 31ஆம் நாள், சின்னச் சாமத்தியவீடு, கூட்டங்கள். ஒரு நாள் வாடகை ஒரு கூலியாளின் நாட்சம்பளத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வெளியூராருக்கும் வியாபார நிகழ்ச்சிக்கும் கூட வாங்குங்கள். தாய்சேய் கிளினிக், முன்பள்ளி, முதியோர் சங்கம் இலவசம்.

இதைவிட வருமானம் தருவது கதிரை, மேசை, கிடாரம், தகரப் பந்தல் வாடகைதான். செத்தவீட்டுக்கு இவற்றைக் காசில்லாமல் கொடுங்கள், திருப்பித் தரும்போது எண்ணி எடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை எடுக்க வேண்டியது மண்டபம் எடுத்தவரின் பொறுப்பு என்று விண்ணப்பத்தில் அச்சடித்துவிடுங்கள். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம்.

வெள்ளத்தில் தங்க வைக்கிற இடமாக மாற்றலாமா?

மாற்றத்தான் வேண்டும். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த மழையில் குடாநாடு எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அந்தத் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று பக்கத்து வீடுகளில் விசாரித்து, அதற்கு மேலே தளத்தை வையுங்கள். சீற்றும் மரமும் சுவரோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். சமைக்க ஒரு கொட்டில், பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்பு, சோலரில் எரியும் நாலு லைற், தாங்கித் தண்ணீர். கிராம அலுவலரிடம் சொல்லிப் பிரதேச செயலகத்து அனர்த்தப் பட்டியலில் மண்டபத்தைச் சேருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். முன்பள்ளிச் சாமான்களை ஏற்றி வைக்க உயரத்தில் ஒரு பரண் கட்டினால், தங்கியிருந்தவர்கள் போன மறுநாளே பள்ளி தொடங்கலாம்.

கூரையில் சோலர் போட்டு மின்சாரத்தை விற்கலாமா?

செய்யலாம். ஆனால் கொடுப்பனவு வீதம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. கடன் எடுத்துப் போட வேண்டாம். நன்கொடையாகக் கிடைத்தால், கூரை மரம் பாரம் தாங்குமா என்று பார்த்த பிறகு போடுங்கள்.

திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. மூன்று திறப்பு, மூன்று வீடு. அதில் ஒன்றாவது மண்டபத்துக்குப் பக்கத்தில் பகலில் ஆள் இருக்கிற வீடு, ஒன்று பெண் உறுப்பினர் வீடு. மூன்று பேரின் தொலைபேசி இலக்கமும், அவர்களின் சம்மதத்தோடு, வாசலில். உள்ளே ஒரு பதிவுப் புத்தகம்: யார், எதற்கு, எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டியது. வருட முடிவில் அந்தப் புத்தகத்தைப் பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள். நிதி கேட்டுப் போகும்போது அதன் பிரதியை இணையுங்கள். பாவனையில் உள்ள கட்டடம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

சபைக்குக் கடிதம் போட்டு மாதங்கள் ஆகின்றன. பதில் இல்லை.

கடிதத்தைச் செயலாளருக்கு முகவரியிட்டு, கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி. ஒரு மாதத்தில் நினைவூட்டல் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் இல்லாமல் ஒரு பிரசையின் பெயரில் விண்ணப்பிப்பது சுகம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குத் தகவல் என்று எதுவும் கோவையில் இருக்காது. இந்தத் திகதியில் கொடுத்த கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் பிரதி, மண்டபம் சொத்துப் பதிவேட்டில் உள்ள பக்கத்தின் பிரதி, இந்த வருடம் சனசமூக நிலையங்களுக்கு ஒதுக்கிய தொகையும் வேலைப் பட்டியலும் என்று ஆவணங்களாகக் கேளுங்கள்.